ஐந்தாம் படியில் நாலாம் வகுப்பு

எனக்குக் கோபம் வரும். அது ஊரறிந்த விஷயம். பதினாலு வருஷமாக நாலாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? ஆனால் நான் சொல்லப்போவது அந்தச் சில்லறைக் கோபத்தைப் பற்றி இல்லை. என்னிடமிருந்து ஒரு அரை மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். யார் பிடுங்கினார்கள், பிடுங்கி என்ன செய்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு எனக்குக் கோபம் வரலாமா கூடாதா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். வருஷத் தொடக்கத்தில் அதில் பதினொரு பேருக்கு வாசிக்கத் தெரியாது. எப்படி மூன்று வகுப்பைத் தாண்டி வந்தார்கள் என்று கேட்காதீர்கள். எல்லாருக்கும் தேர்ச்சி போட்டு அனுப்பினால் தாண்டாமல் என்ன செய்வார்கள்? ஐந்தாம் வகுப்பு வேறு கட்டடம், வேறு வாத்தியார்கள், தலையணை கனத்துக்குப் புத்தகங்கள். வாசிக்கத் தெரியாமல் அங்கே போகிற பிள்ளை முதல் மாதம் கடைசி பெஞ்சில் உட்காரும். இரண்டாம் மாதம் வயிற்றுவலி என்று சொல்லும். மூன்றாம் மாதம் வராது. வராத பிள்ளையைத் தேடி யாரும் போவதில்லை.

அதனால் காலையில் மணி அடித்ததும் முதல் அரை மணி நேரத்தை இந்தப் பதினொரு பேருக்கென்று வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள். இவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து சோப்பு உறை வாசிப்பார்கள். ஆமாம், சோப்பு உறைதான். பிஸ்கட் காகிதம், தீப்பெட்டி, மாத்திரை அட்டை, எது வீட்டில் கிடக்கிறதோ அதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பாடப்புத்தகத்தைக் கண்டால் வெலவெலக்கிற பிள்ளை சோப்பு உறையைக் கண்டு பயப்படுவதில்லை. அதில் என்ன எழுதியிருக்கும் என்று பாதி அதற்கே தெரியும், மீதியை எழுத்திலிருந்து பிடித்தால் போதும்.

அரை வருஷத்தில் ஏழு பேர் தேறிவிட்டார்கள். பாக்கி நாலு பேர். அந்த நாலு பேரில் ஒருத்திதான் முணுமுணு. பெயர் நான் வைத்ததல்ல, வகுப்பு வைத்தது. எதைக் கேட்டாலும் உதட்டுக்குள்ளேயே பதில் சொல்வாள். பக்கத்தில் காதை வைத்தால்தான் தெரியும், பாதி பதில் சரியாக இருக்கும். அவள் அம்மா ஒரு தையல் ஆலையில் சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிறவள். பெண்ணைச் சேர்க்க வந்த அன்றைக்கே சொன்னாள், தனக்கு எழுத்து வாசனை கிடையாது, இவளுக்காவது வரட்டும் என்று. முணுமுணு அப்போதுதான் மூன்றெழுத்துச் சொல்லை முட்டிமோதிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். இன்னும் மூன்று மாதம் கிடைத்தால் அவளைத் தேற்றிவிடலாம் என்பது என் கணக்கு.

சுற்றறிக்கை வந்தது அந்த வாரத்தில்தான்.

வகுப்பறைக் கற்பித்தலில் தொழில்நுட்பத்தை ஒருங்கிணைப்பதற்கான ஐந்து படிக் கட்டமைப்பு என்று அதற்குப் பெயர். படித்துப் பார்த்தேன், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. தினமும் காலை முதல் அரை மணி நேரம் இனிமேல் ‘ஏணி நேரம்’. அந்த நேரத்தில் பிள்ளைகள் கையில் பலகைக் கணினி இருக்கவேண்டும், வேறெதுவும் இருக்கக்கூடாது. நாளில் எத்தனையோ அரை மணி நேரம் இருக்கிறது. சரியாக என்னுடையதைத்தான் எடுத்தார்கள்.

கட்டமைப்பை விளக்க எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி. பயிற்சி கொடுக்க வந்தவர் கையில் எப்போதும் ஏணிப் படம் போட்ட அட்டை வைத்திருந்ததால் முதல் நாள் மதியத்துக்குள் அவருக்கு ஏணி சார் என்று பெயர் விழுந்துவிட்டது. படம் காட்டும் கருவி வேலை செய்யாததால் முதல் நாள் பதினொரு மணிவரை அதற்கு வைத்தியம் நடந்தது. பிறகு எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, அதை வரிக்கு வரி எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ஆசிரியர் நின்றுகொண்டே வாசிப்பதும் மாணவர் உட்கார்ந்துகொண்டே கேட்பதும் காலாவதியான முறை என்று ஏழாம் பக்கத்தில் இருந்தது. அதையும் நின்றுகொண்டே வாசித்தார்.

முதல் படி மாற்றீடு. கரும்பலகைக்குப் பதில் திரை. இரண்டாவது மேம்பாடு, மூன்றாவது மாற்றியமைப்பு, நாலாவது மறுபடைப்பு. இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று மூன்று நாளும் கேட்டோம், மூன்று நாளும் வேறு வேறு பதில் வந்தது. ஐந்தாவது படிக்குப் பெயர் கரைதல். அந்த நிலையில் தொழில்நுட்பம் பாடத்துக்குள் கரைந்துபோய்க் கண்ணுக்கே தெரியாதாம். அதைச் சொல்லும்போது ஏணி சார் கண்ணை மூடிக்கொண்டார். இந்த வட்டாரத்தில் அந்தப் படியை இதுவரை யாரும் தொட்டதில்லை என்றார்.

நான் எழுந்து, வாசிக்கவே தெரியாத பிள்ளைகளை எந்தப் படியில் வைப்பது என்று கேட்டேன்.

"அது பாடம் சம்பந்தப்பட்ட கேள்வி மேடம்" என்றார் அவர், பொறுமையாக. "நாம இங்க பாடத்தைப் பத்திப் பேச வரலை. பாடத்தை யாரு வேணா நடத்திடலாம். எந்தப் படியில நின்னு நடத்துறீங்கன்றதுதான் கேள்வி."

எல்லாரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். பயிற்சி முடிவில் வைக்கிற தேர்வில் வரும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். வந்தது.

ஏணி நேரம் தொடங்கியது. பலகைக் கணினிகள் தலைமையாசிரியர் அறையில் ஒரு இரும்பு பீரோவுக்குள் இருந்தன. எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் தாளில் முத்திரை குத்தியிருந்தால் தன் நிழலுக்கே எழுந்து நின்று வணக்கம் சொல்லுவார். ஒன்று உடைந்தாலும் அவர்தான் பொறுப்பு என்று சுற்றறிக்கையில் இருந்ததால் சாவியை அரைஞாணில் கட்டாத குறையாக வைத்திருந்தார். ஒவ்வொரு கருவிக்கும் எண் பார்த்து, பதிவேட்டில் எழுதி, பிள்ளையிடம் கையெழுத்து வாங்கி வகுப்புக்குக் கொண்டுவரப் பதினொரு நிமிடம். திரும்ப எண்ணி, துடைத்து, வைத்துப் பூட்ட ஒன்பது நிமிடம். மிச்சம் பத்து. கருவி திறக்க ஒவ்வொரு பிள்ளையும் பதினாலு எழுத்துள்ள கடவுச்சொல்லைப் பார்த்துத் தட்டவேண்டும். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கே அதற்கு ஆறு நிமிடம் ஆனது. வாசிக்கத் தெரியாதவர்கள் வாசிப்புப் பயிற்சிக்குள் நுழைவதற்கே வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் சம்பளம் வாங்குகிறார். கடைசியில் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் பாவம் பார்த்துத் தட்டிக்கொடுத்தார்கள்.

ஆக, அரை மணியில் நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தில் திரையில் கதைப் பக்கங்கள் வரும். விரலால் ஒரு பக்கத்தைத் தள்ளினால் ஒரு பக்கம் வாசித்ததாகக் கணக்கு. ஒரு நட்சத்திரமும் விழும். இதில் முணுமுணு கெட்டிக்காரி ஆகிவிட்டாள். மற்றவர்கள் முதல் பக்கத்தில் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவள் அறுபது பக்கம் தள்ளியிருப்பாள். எழுத்து இவளுக்குத் தடையாக இல்லையே. நான் அதை ஏணி சாரிடம் தொலைபேசியில் சொன்னேன். வாசிப்பு வேகம் கூடியிருப்பது நல்ல அறிகுறி என்றார்.

தினமும் மாலை அறுபத்துநாலு கட்டங்கள் உள்ள படிவம் ஒன்றை நிரப்பவேண்டும். கருவியின் கோணம், வெளிச்சம், பிள்ளையின் விரல் சுத்தம், ஆசிரியர் எத்தனை முறை நடந்தார் என்பதுவரை கட்டம் இருந்தது. பிள்ளைக்கு ஏதாவது புரிந்ததா என்று ஒரு கட்டம் இல்லை. இரண்டு தடவை தேடினேன்.

சரி, போகட்டும், சாப்பாட்டு நேரத்தில் அந்த நாலு பேரையும் வைத்துப் படிப்பிக்கலாம் என்று உறைகளை வெளியே எடுத்தேன். மூன்றாம் நாள் தலைமையாசிரியர் ஓடிவந்தார். படிவத்தில் நாற்பத்தோராம் கட்டம், கருவி இல்லாமல் கற்பித்த நிமிடங்கள். அது பூஜ்யமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பள்ளிக்கூடமே முதல் படியிலிருந்து கீழே விழுந்துவிடும்.

"சாப்பாட்டு நேரத்துல பிள்ளைங்களோட பேசுங்க, விளையாடுங்க, யாரு வேணாம்னா?" என்றார். "சொல்லிக்குடுக்க மட்டும் செய்யாதீங்க டீச்சர். கணக்குல வந்துடும்."

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பதை ஒளித்துச் செய்ய ஆரம்பித்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஆயா காவலுக்கு நிற்க, பத்துப் பத்து நிமிடம். திருட்டுச் சாராயம் விற்கிறவளுக்கு என்ன படபடப்பு இருக்குமோ அந்தப் படபடப்பு எனக்கு இருந்தது. அவமானமாகவும் இருந்தது.

பிறகு ஆய்வு நாள் வந்தது. ஏணி சாரும் அவருடைய மேலதிகாரி அம்மாவும் என் வகுப்பைத்தான் பார்ப்பதாக முதல் நாள் சொல்லியிருந்தார்கள். தலைமையாசிரியர் இரவெல்லாம் தூங்கவில்லை போலிருக்கிறது. விடிந்ததும் வந்து எல்லாக் கருவிகளையும் எடுத்துத் துடைத்து, மின்சாரம் ஏற்றி, வரிசையாக உள்ளே அடுக்கி, சாவி தொலைந்துவிடக்கூடாதே என்று அதையும் ஒரு பாதுகாப்பான இடத்தில் வைத்துவிட்டுக் கதவை அழுத்திச் சாத்தினார். தானாகவே பூட்டிக்கொள்ளும் பீரோ அது. அந்தப் பாதுகாப்பான இடம் பீரோவுக்குள்ளே மேல்தட்டு.

அதிகாரிகள் வாசலில் இறங்கும்போது அவர் பீரோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், வெறுங்கை, முதல் அரை மணி நேரம். ஒரு மாதத்துக்குப் பிறகு என் அரை மணி எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று வகுப்புக்குப் போய், உறைகள் வைத்திருந்த பையைக் கவிழ்த்தேன்.

அன்றைக்கு நடத்தினதுதான் பாடம். தேறினவர்கள் தேறாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் சோப்பு உறைக்கும் தீப்பெட்டிக்கும் அடித்துக்கொண்டார்கள். முணுமுணு ஒரு இருமல் மருந்துப் பெட்டியை எடுத்துவைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம். பிறகு வகுப்புக்கே கேட்கிற மாதிரி, "குலுக்கவும்" என்றாள். அப்படித்தான் எழுதியிருந்தது. பெட்டியைக் குலுக்கிக் காட்டினாள். அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதிகாரிகள் அதைக் கவனிக்கவில்லை. ஏணி சார் குனிந்து பெஞ்சுகளுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார். அலமாரிக்குப் பின்னால் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு மேலதிகாரி அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்த வகுப்பில் தொழில்நுட்பம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

"எங்கயும் இல்லைம்மா. தெரியற மாதிரி ஒண்ணும் இல்லை. எல்லாம் பீரோவுக்குள்ள கிடக்கு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏணி சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினோரு வருஷமா இதுக்காகத்தான் அலையறோம்" என்றார் மேலதிகாரி அம்மா. "தொழில்நுட்பம் இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியலை. பிள்ளைங்க தன்னால பேசுறாங்க. இதுக்குப் பேருதான் கரைதல்."

நான் விளக்கினேன். சாவி உள்ளே மாட்டிக்கொண்டதைச் சொன்னேன், பதினாலு எழுத்துக் கடவுச்சொல்லைச் சொன்னேன், தண்ணீர்த் தொட்டியைக்கூடச் சொன்னேன். ஐந்தாம் படியில் நிற்கிறவர்களுக்குத் தாங்கள் அங்கே நிற்பது தெரியாது என்று கட்டமைப்பிலேயே இருப்பதாக ஏணி சார் சொல்லிவிட்டார். நான் மறுக்க மறுக்க அவர் குறித்துக்கொண்டே போனார். தன்னடக்கத்துக்கும் ஒரு கட்டம் இருந்திருக்கிறது.

வாரக் கடைசியில் ஆணை வந்தது. நான் இந்த வட்டாரத்தின் கரைதல் முன்னோடி. மறுநாளிலிருந்து வருஷம் முடியும்வரை அறுபது பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு நான் பயிற்சி தரவேண்டும். நான் அலுவலகத்துக்கே போனேன். முன்னோடி வேண்டாம், பட்டம் வேண்டாம், என் வகுப்பைக் கொடுங்கள், நாலு பிள்ளைகள் பாக்கி இருக்கிறார்கள் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேலதிகாரி அம்மாவுக்கு ஆச்சரியம். "நல்லா சொல்லிக்குடுக்கிறவங்களைப் பிள்ளைங்ககிட்டயே விட்டுவச்சா, அது வீண் இல்லையா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, மனசாரத்தான் கேட்டார். வகுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், பிள்ளைகளுக்குக் கருவிகள் இருக்கின்றன, கதவருகில் உட்கார ஒரு உதவியாளர் இருக்கிறார், ஆவணத்தில் வகுப்பாசிரியர் நான்தான், அதனால் ஒன்றும் மாறவில்லை என்றார். என் உறைப் பையை ஏற்கெனவே கொண்டுவந்து அலுவலக வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பூட்டும் போட்டிருந்தார்கள். அதைத் திரையில் கொண்டுவர ஒரு குழு அமைத்திருப்பதாக ஏணி சார் பெருமையாகச் சொன்னார். அந்த இருமல் மருந்துப் பெட்டி முன்வரிசையில் இருந்தது.

அன்றைக்கு நான் மேசையை ஓங்கித் தட்டியிருக்கவேண்டும். தட்டவில்லை. ஆணையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்மேல் எனக்கிருக்கிற கோபம் அதுதான்.

பயிற்சிக் கூடங்களில் உண்மையைத்தான் சொன்னேன். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள், தெரிந்த பொருளைக் கையில் கொடுங்கள், தினமும் அரை மணி நேரம் விடாமல் செய்யுங்கள், வேறு ரகசியம் ஒன்றும் இல்லை என்றேன். கைதட்டினார்கள். பிறகு ஒருவர் எழுந்து, ரகசியம் ஒன்றும் இல்லை என்பது எத்தனையாவது படி என்று கேட்டார். இன்னொரு பள்ளிக்கூடத்தில் நான் சொன்னதைச் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டு, கருவிகளை பீரோவில் வைத்துச் சாவியையும் உள்ளே போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ஐந்தாம் படி கேட்டு விண்ணப்பமும் போட்டிருந்தார்கள். கிடைத்தது.

இப்படியே மூன்று மாதம் போனது. முணுமுணுவுக்கென்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்த அதே மூன்று மாதம்.

ஒரு நாள் மதியம், பெரிய கூடமொன்றில் இருநூறு ஆசிரியர்கள் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் முணுமுணுவின் அம்மா நின்றிருந்தாள். சேலையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஆலையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் விசாரித்து, நான் இங்கே இருப்பது தெரிந்து, இரண்டு பஸ் மாறி வந்தாளாம். கையிலிருந்த தொலைபேசியை நீட்டினாள்.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து ஏதோ வந்திருக்கு டீச்சர். என்ன போட்டிருக்குன்னு தெரியலை. பணம் கட்டச் சொல்றாங்களா, பிள்ளையை நிறுத்தப் போறாங்களான்னு பயமா இருக்கு. அவகிட்டயே குடுத்துப் படிக்கச் சொன்னேன். மொத எழுத்தைச் சொன்னா, அப்புறம் விரலால தள்ளிவிட்டுட்டா. எத்தனை தடவை குடுத்தாலும் தள்ளித் தள்ளி விடறா."

வாங்கிச் சத்தமாக வாசித்தேன். அன்புள்ள பெற்றோரே, உங்கள் மகள் இந்தக் காலாண்டில் நாலாயிரத்து இருநூறு பக்கங்களை வாசித்து, வாசிப்பில் ஐந்தாம் படியை எட்டியிருக்கிறார் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இனி அவருக்கு வாசிப்பில் தனி உதவி எதுவும் தேவைப்படாது. இப்படிக்கு, வகுப்பாசிரியை. அடுத்து ஒரு பெயர் இருந்தது. வாசிக்கிற வேகத்தில் அதையும் வாசித்துவிட்டேன். அது என் பெயர்.

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தொலைபேசியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீங்களே எழுதிட்டீங்க, அப்புறம் என்ன டீச்சர்?" என்றாள். பிறகு அவள் முகம் மெல்ல மாறியது. "அப்போ அந்தக் கழுதைக்குப் படிக்கத் தெரியும். தெரிஞ்சுகிட்டே அம்மாவுக்குப் படிச்சுக் காட்ட மாட்டேன்னு அழுத்தம் பிடிக்கிறா. பெத்தவ படிக்காதவதானேன்னு இளக்காரம். ராத்திரி வீட்டுக்குப் போய் நாலு வைக்கிறேன் பாருங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அடிக்காதீங்க என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதும்மா, அவ பொய் சொல்லலை, இதை நான் எழுதவே இல்லை என்றேன். ஒலிபெருக்கியில் மறுபடியும் கூப்பிட்டார்கள். அவள் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"உங்க பேரு போட்டிருக்குன்னு இப்பத்தானே நீங்களே படிச்சீங்க" என்றாள்.